வீட்டுக்கு, பயணத்துக்கு, மழைக்காலத்துக்கு: முதலுதவிப் பெட்டியை நீங்களே தயார்செய்ய

முதலுதவிப் பெட்டி என்று இணையத்தில் தேடினால் 'நூறு பொருள்கள் அடங்கியது' என்று அட்டையில் போட்ட பெட்டிகள் வரிசையாக வருகின்றன. அப்படி ஒன்றை வாங்கிப் பிரித்தேன். பெரும்பாலும் குட்டிக் குட்டிப் பிளாஸ்திரிகள். பிறகு ஸ்பிரிட் நனைத்த காகிதங்கள், எதையும் வெட்டாத ஒரு கத்தரிக்கோல். அரிவாள்மனையில் கை ஆழமாக வெட்டுப்பட்டால் அழுத்திக் கட்ட ஒரு நல்ல கட்டுத்துணி அதில் இல்லை. அப்புறம் மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் கேட்டுக் கேட்டு, எங்கள் வீட்டுக்கென்று மூன்று தனித்தனிப் பைகள் சேர்த்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை போய்ச் சேரும்வரை நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்தப் பெட்டி. வைத்தியம் பார்க்க இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் செலவும் குறையும், பெட்டியும் சின்னதாக முடியும்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு தாள் எழுதுங்கள்

வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எதிரே வயது, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், கடைசியாக டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்ட மாதம் ஆகியவற்றைக் குறியுங்கள். குழந்தைகளுக்கு எடையும் வேண்டும். மாத்திரையின் வியாபாரப் பெயர் மட்டும் போதாது. அட்டையில் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் சேர்த்து எழுதுங்கள். வெளியூர்க் கடையில் உங்கள் பிராண்ட் கிடைக்காதபோது அந்தப் பெயர்தான் கைகொடுக்கும்.

இந்தத் தாளோடு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். கேட்க வேண்டியவை நான்கு: குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை மி.கி.; சிறுநீரகம், கல்லீரல், அல்சர் தொல்லை உள்ள பெரியவருக்கு எந்த வலி மாத்திரை கூடாது; அரிப்பு, தடிப்பு வந்தால் யாருக்கு என்ன; மலைப்பாதையில் வாந்தி எடுப்பவருக்கு என்ன. பதில்களை அதே தாளில் அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. வெளிக்காயத்துக்கான பொருள்கள்

பெட்டியில் அதிக இடம் இவற்றுக்குத்தான். சுருள் கட்டுத்துணி அகலம் குறைந்ததும் கூடியதுமாக நான்கைந்து. கிருமி நீக்கி ஒவ்வொன்றாக உறையிட்ட காஸ் துணி பத்து. மைக்ரோபோர் டேப் ஒன்று. கிரேப் பேண்டேஜ் ஒன்று, கணுக்கால் பிசகினால் உதவும். பல அளவுகளில் பிளாஸ்திரி. போவிடோன் அயோடின் ஆயின்ட்மென்ட் சிறிய டியூப். கையுறை நான்கைந்து ஜோடி. துணியையும் வெட்டக்கூடிய கத்தரிக்கோல், முள் எடுக்க ஒரு இடுக்கி. டிஜிட்டல் தெர்மாமீட்டர். கை முறிந்தால் தொட்டில் கட்டித் தொங்கவிடத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், சுத்தமான பருத்தித் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள்.

பஞ்சுச் சுருள் எல்லாரும் வாங்குவது. ஆனால் அதைத் திறந்த காயத்தின் மேல் நேராக வைக்காதீர்கள். இழை இழையாக ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது மறுபடி ரத்தம் வரும். காயத்தின் மேல் காஸ்தான் படவேண்டும்.

காயத்தைக் கழுவக் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவது தோலைப் புண்ணாக்கும். ரத்தம் நிற்காவிட்டால் காஸை வைத்து, பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. காஸ் நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள், அடியில் இருப்பதைப் பிய்க்காதீர்கள்.

தீக்காயத்துக்கென்று எந்தக் களிம்பும் நான் வைத்திருக்கவில்லை. சூடான எண்ணெயோ கஞ்சியோ பட்டால் குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுவதுதான் முதலுதவி. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். பற்பசை, பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் இறுக்காமல் மூடி மருத்துவரிடம் போங்கள்.

3. மாத்திரைகள்: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

பெரியவர்களுக்குப் பாரசிட்டமால், வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், மருத்துவர் சொன்ன அலர்ஜி மாத்திரை. குழந்தை இருந்தால் அதற்கான பாரசிட்டமால். இவ்வளவுதான் பொதுப் பெட்டிக்கு. போனமுறை மீந்த ஆன்டிபயாடிக்கைப் போட்டு வைக்காதீர்கள். அட்டையின் பின்புறம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாத மருந்து என்று அர்த்தம்.

குழந்தை மருந்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பாரசிட்டமால் சிரப் கடைகளில் ஒரே வீரியத்தில் கிடைப்பதில்லை. 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. உள்ளது ஒன்று, 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ளது இன்னொன்று. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கிறது. 12 கிலோ குழந்தைக்கு மருத்துவர் 180 மி.கி. என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். 120 சிரப்பில் அது 7.5 மி.லி., 250 சிரப்பில் 3.6 மி.லி., சொட்டு மருந்தில் 1.8 மி.லி. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அனலாகக் கொதிக்கும்போது இந்தக் கணக்கு யாருக்கும் ஓடாது. அதனால் வீட்டில் ஒரே வீரியத்தை மட்டும் வையுங்கள். குழந்தையின் பெயர், எடை, மருத்துவர் சொன்ன மி.லி. அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீரியத்தை மறைக்காமல் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். எடை கூடியதும் தாளை மாற்றுங்கள். அளக்க ஊசியில்லாத சிரிஞ்ச் அல்லது பாட்டிலோடு வந்த மூடி. சமையலறை ஸ்பூன் வேண்டாம், வீட்டுக்கு வீடு அளவு மாறும்.

பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சளி மாத்திரை என்று கடையில் தரும் பலவற்றில் ஏற்கெனவே பாரசிட்டமால் இருக்கிறது. அதோடு தனியாக ஒன்றைப் போட்டால் இரட்டை அளவாகிவிடும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும், ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. உடல் மெலிந்தவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதற்கும் வெகு குறைவாக, மருத்துவர் சொன்னபடிதான். மழைக்காலத்தில் டெங்கு நடமாடும்போது, என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் போகாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 20.5 கிராம் பொட்டலம் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு, முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலமும் உண்டு. இரண்டையும் மாற்றிக் கலக்கினால் உப்பு ஏறிப்போகும், அல்லது பயனற்றுப்போகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். மாதிரியே பெயர் வைத்து, அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை நம்ப வேண்டாம். அந்த ஃபார்முலாவில் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது.

சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ கண்ணில் படும்படி வையுங்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

4. கடையில் ஏமாறாமல் வாங்க

மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் எல்லாக் கடையிலும் உண்டு. நான்கு பாரசிட்டமால் கேட்டால் பத்து உள்ள அட்டையில் நான்கை வெட்டித் தருவார்கள். தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். இரண்டு வருடம் கழித்து உங்கள் டப்பாவில் பெயர் பாதி, தேதி இல்லாமல் நாலு மாத்திரை கிடக்கும், என்ன மாத்திரை என்றுகூடத் தெரியாது. பெட்டிக்கு வாங்கும்போது முழு அட்டையாகக் கேளுங்கள். பாரசிட்டமால் மாதிரி மலிவானவற்றுக்கு இதில் பெரிய செலவில்லை. துண்டாகத்தான் வாங்க முடியும் என்றால் தேதி உள்ள பக்கத்திலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள், அதில் பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பில்லைப் படம் எடுத்துவிடுங்கள், அந்த மை சில மாதங்களில் வெளுத்துவிடும்.

செலவைப் பற்றி: தெர்மாமீட்டரையும் சேர்த்து வீட்டுப் பெட்டி சுமார் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின்னாகும். தினசரி மாத்திரைகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு வாங்கி வைக்க வேண்டியிருப்பதால், அவற்றை மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விசாரியுங்கள். அதே மருந்து பிராண்ட் பெயர் இல்லாமல் வெகுவாகக் குறைந்த விலையில் கிடைக்கும். அளவும் மருந்தின் பெயரும் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து வாங்குங்கள்.

5. எங்கே வைப்பது

குளியலறையில் வேண்டாம், ஈரம். அடுப்புக்கு மேல் அலமாரியிலும் ஃபிரிட்ஜ் தலையிலும் வேண்டாம், சூடு. கூடத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பாட்டிக்கு எட்டும் உயரத்தில் ஒரு இடம் இருக்கும். பூட்டுப் போடாதீர்கள். நல்ல மூடி உள்ள டிபன் டப்பாவோ பிளாஸ்டிக் டப்பாவோ எதுவானாலும் சரி, வேறு எதற்கும் அதை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மூடியின் உள்பக்கம் எண்களை ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனை 104. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. யாராவது விஷப்பொருளை விழுங்கிவிட்டால் கேட்க, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் விஷ முறிவுத் தகவல் மையம் 1800 116 117. எல்லாமே கட்டணமில்லாதவை. கீழே உங்கள் வீட்டு முகவரியை ஒரு அடையாளத்தோடு எழுதுங்கள். 'பிள்ளையார் கோவிலுக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது வீடு' என்பது போல. பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது, வீட்டுக்கு வந்த விருந்தாளிதான் போன் செய்ய நேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

6. பெட்டியைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாத சமயங்கள்

பாம்புக்கடி: கயிறு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது. பிளேடும் ரப்பர் உறிஞ்சியும் வைத்த 'பாம்புக்கடிப் பெட்டி' என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். கடித்த கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, மோதிரம், கொலுசைக் கழற்றி, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

நாய்க்கடி: குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள், அங்கே இலவசம். கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது. மீதி ஊசிகளுக்கான தேதிகளை எழுதித் தருவார்கள், ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

மண்ணெண்ணெய், பினாயில், கொசுவிரட்டித் திரவம் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

7. பயணப் பை

வீட்டுப் பெட்டியை அப்படியே தூக்கிப் போகாதீர்கள். திரும்பி வந்ததும் பாதி காலியாக இருக்கும், நிரப்ப மறந்துவிடும். ஜிப் வைத்த ஒரு சிறிய பையில் காஸ் நான்கு, சுருள் துணி இரண்டு, டேப், பிளாஸ்திரி, பாரசிட்டமால் ஒரு அட்டை, ஓ.ஆர்.எஸ். மூன்று, கையுறை, வாந்திக்குப் பிளாஸ்டிக் பை. முந்நூறு ரூபாய்க்குள் முடியும். அதோடு போகும் இடத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டியதுதான். பழநிக்குப் பாதயாத்திரை என்றால் குதிகால் கொப்புளத்துக்கு அகலமான பிளாஸ்திரியும் ஒரு ஜோடி மாற்றுக் காலுறையும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். வால்பாறைப் பக்கம் என்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிக்கு உப்பு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வளைவுகளுக்கு, மருத்துவர் சொன்ன வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கியபின் போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். அந்த மாத்திரைகளில் பல தூக்கத்தைத் தருபவை, ஓட்டுநர் சாப்பிடக் கூடாது.

காரில் கட்டுத்துணி, டேப், கையுறையை நிரந்தரமாக வைக்கலாம். மாத்திரைகளை வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்த மருந்தும் தாங்காது.

தினசரி மாத்திரைகள் பயண நாள்களுக்குமேல் மூன்று நாளுக்குக் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில். விமானத்தில் பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் பெட்டி தாமதமாகும்போது மாத்திரையும் வராது. கத்தரிக்கோலுக்கு மட்டும் பெரிய பெட்டிதான் இடம். துபாய், சிங்கப்பூர் போகிறவர்கள் இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் கோடீன், டிரமடால் இருக்கிறதா என்று பாருங்கள். தூக்க மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. அந்த நாடுகளில் முன்அனுமதி வேண்டிய மருந்துகள் இவை, அனுமதியை இணையத்தில் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே கேட்க வேண்டும்.

சாலை விபத்துக்கு ஒரு தகவல்: 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும், எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு தொகை வரம்பு வரை இலவசம். அரசு மருத்துவமனைகளோடு திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. கையில் பணம் இல்லையே என்று தயங்கி நிற்க வேண்டாம்.

8. மழைக்கால அவசரப் பை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் தீவானது, ரயிலில் வந்தவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். அப்படி வெள்ளம் சூழ்ந்தால் மருந்துக்கடை நான்கைந்து நாள் எட்டாது. அதனால் செப்டம்பர் கடைசிக்குள் இந்தப் பை தயாராக வேண்டும். ஐப்பசி பிறந்தபின் ஓடினால், எல்லாரும் வாங்கும் நேரத்தில் கடையில் இருக்காது.

உள்ளே: எல்லாருடைய தினசரி மாத்திரைகளும் ஏழு நாளுக்கு, ஓ.ஆர்.எஸ். பத்து, குடிநீரைச் சுத்தப்படுத்தக் குளோரின் மாத்திரை, கட்டுத்துணிகள், டார்ச், பவர் பேங்க், சானிட்டரி நாப்கின், குழந்தைக்கு வேண்டியவை. நடக்கும்போது காலில் வெட்டுப்பட்டால் நீர் புகாத பிளாஸ்திரி வேண்டும். வெள்ளத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் காயத்தின் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உள்ளே நுழைகிறது. நடந்தபின் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்குத்தான் மின்வெட்டு பெரிய கவலை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் மண்பானை உதவும். அகலமான பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்ன மண்சட்டியை இறக்கி, இன்சுலினைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டிக்குள் வைத்து மூடுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும். ஃபிரிட்ஜ் குளிர் வராது, ஆனால் அறைச் சூட்டிலிருந்து காக்கும். ஐஸ் கட்டியோடு நேரடியாகச் சேர்த்து வைக்காதீர்கள், ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது. பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலோ பேனாவோ பெரும்பாலும் சுமார் 28 நாள் தாங்கும், உங்களுடையதற்கு எத்தனை நாள் என்று உள்ளிருக்கும் தாளில் பாருங்கள். திறந்த தேதியை மேலே எழுதுங்கள்.

ஆவணங்கள்: மருத்துவர் சீட்டுகள், ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அல்லது தனியார் காப்பீட்டு அட்டை, முதல் படியில் எழுதிய அந்தத் தாள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நன்றாக மூடுங்கள். போனில் படம் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், சார்ஜ் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது. வெளியூரில் இருக்கும் ஒரு உறவினருக்கும் அதே படங்களை அனுப்பி வையுங்கள்.

9. தேதி பார்க்கும் வேலை

வருடத்துக்கு இருமுறை போதும்: பங்குனியில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை. மூன்று பைகளையும் கீழே கொட்டிப் பாருங்கள். அட்டையில் 08/2027 என்றிருந்தால் அந்த ஆகஸ்ட் முடியும்வரை செல்லும். கண் சொட்டு மருந்து விதிவிலக்கு, திறந்த ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டியது, அச்சிட்ட தேதி எதுவானாலும். உறை கிழிந்த காஸ், பசை போன பிளாஸ்திரி, பிசுபிசுத்துப்போன கையுறை எல்லாவற்றையும் மாற்றுங்கள். தெர்மாமீட்டர் பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். தினசரி மாத்திரைகளை அவசரப் பையிலிருந்து எடுத்து அந்த மாதம் சாப்பிட்டுவிட்டு, புதிதாக வாங்கியதைப் பையில் வைத்தால் எதுவும் வீணாகாது. காலாவதியான மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காப்பித்தூள் சக்கையோடு கலந்து, மூடிய பையில் குப்பையில் போடுங்கள். முழு அட்டையாக எறிந்தால் குப்பை பொறுக்கும் பிள்ளைகள் கைக்குப் போகும்.